மேல்வீட்டில் கூடுதலாக ஒரு தட்டு

சுவிஸில் டீட்டிகோன் நகரத்துப் போலந்துக் கடையில் பீட்ரூட் சூப்பின் புளித்த மணம் மூக்கில் ஏற, ரைன் கரையில் ஜெர்மன் எல்லையை ஒட்டியிருந்த எங்கள் பழைய குடியிருப்பு நினைவில் எழும்பி வந்தது. தமிழரும் அல்பேனியரும் நாலைந்து வீடு, மிச்சமெல்லாம் போலந்துக்காரர். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம் மேல்வீட்டுப் போலந்து மாமி, எதிர்பாராத விருந்தாளிக்கென்று மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைத்துவிட்டு எங்களை வந்து கூப்பிடுவா. அம்மா சிரித்து மழுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, "மாடு சாப்பிடுற ஆக்கள், போகாதை" என்பா, மேலே கதிரைகள் இழுபடும் சத்தத்தைக் கேட்டபடி நாங்கள் கீழே புட்டுச் சாப்பிடுவோம்.

"இதுக்குள்ள மாடு இருக்கோ?" என்று கடைக்காரியிடம் ஜெர்மன் மொழியில் கேட்டேன்.

"இது நத்தாருக்கு முதல்நாள் சூப். அண்டைக்கு நாங்கள் இறைச்சியே தொடமாட்டம்."

அந்தக் குடியிருப்பை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். மேல்வீட்டாரைப் பற்றி அம்மாவைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லுவா: "அவையள் எங்களை ஒருநாளும் அண்டவிடேல்லை."