கட்டைவிரல் தேய்த்த இடம்

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்தில் பிழை இருக்கும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ஆவடியில் ஃபேக்டரி வேலை நேரம் போக, கல்யாணக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசிப்பார். அவர் போய் இரண்டு வருஷம். கிட்டாரின் கழுத்துக்குப் பின்னால் பெயிண்ட் போய் மரம் தெரிந்தது. எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. தேய்த்து வார்னிஷ் அடிக்க உப்புத்தாள் வாங்கி வைத்தேன். நல்லவேளை, துருப்பிடித்த கம்பியை மாற்றப் பூந்தமல்லியிலிருந்து கிட்டார் ரிப்பேர் பார்க்கும் பாய் அன்றே வந்தார்.

"இன்னாம்மா உப்புத்தாளு? செவுத்துக்கா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். கிட்டாரை வெடுக்கென்று மடியில் இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, உங்க ஊட்டுக்காரரு கட்டவெரலு தேச்சித் தேச்சி வந்த எடம்மா இது! பழைய பீஸுக்கு இதான் மதிப்பு. வார்னிஷ் அடிச்சா கெழவனுக்கு டை அடிச்ச கதைதான்."

பாய் கிளம்பிப் போன பிறகு அங்கே என் விரலை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. வீட்டுக்காரர் இருந்தவரை நான் அதைத் தொட்டதே இல்லை.

இப்போது தினமும் காய்ந்த துணியால் துடைக்கிறேன், அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு. வாசிக்காமல் கிடக்கும்போது கம்பியைத் தளர்த்தி வைக்கச் சொன்னாரா பாய், இறுக்கியே வைக்கச் சொன்னாரா என்பது மறந்துவிட்டது. பாய்க்கு மறுபடி போன் பண்ணக் கூச்சம். வீட்டில் கேட்க ஆளில்லை. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்து எழுதுங்கள்.