அருவி இல்லை, ஒரு பக்கெட் உண்டு

லாட்ஜ் வரவேற்பு மேஜையில் கொஞ்ச காலம் உட்கார்ந்துவிட்டால், வருகிறவர் பெட்டியைக் கீழே வைக்கிற சத்தத்திலேயே அவர் என்ன குறை சொல்லப் போகிறார் என்று தெரிந்துவிடும். பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், பால்வாடி டீச்சர் என்று நாலு பேருக்குப் பதில் சொல்லிப் பிழைக்கிற எல்லாருக்கும் இந்தக் காது வாய்த்திருக்கும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் செல்வி. சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை படித்தேன். என் கூடப் படித்தவர்கள் வேன் ஏறித் தீப்பெட்டிக் கம்பெனிக்கும் பட்டாசுக் கம்பெனிக்கும் போனார்கள். நானும் போனேன், கல்யாணம் வரைக்கும். அதற்குப் பிறகுதான் டவுனில் முதலாளி பாய் நடத்துகிற லாட்ஜில் இந்த நாற்காலி கிடைத்தது. மகள் தாமரையின் பால்வாடி அடுத்த தெருவில். மத்தியானம் மணியடித்தால் ஓடிப்போய்த் தூக்கி வந்துவிடலாம். வேனில் போனால் பிள்ளை முகத்தை விளக்கு வைத்த பிறகுதான் பார்க்க முடியும். இந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

தீபாவளி வரை பட்டாசு வாங்க வருகிறவர்கள், அப்புறம் காலண்டர் ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள். பொங்கல் முடிந்ததோ, சாவி அத்தனையும் ஆணியில் தொங்கும். தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்த காலம் அது. "இன்டர்நெட்ல போட்டா வெளியூர்க்காரக வருவாகளாம்ல" என்று பாய் எங்கிருந்தோ கேட்டுவிட்டு வந்தார். அங்கே ஆரம்பித்தது.

அருவி தெரிகிற அறை

லாட்ஜுக்கு வெப்சைட் செய்தது என் வீட்டுக்காரர் முருகன். அவருக்குப் பிரஸ்ஸில் காலண்டர் டிசைன் வேலை. லட்சுமியோ பிள்ளையாரோ ஜவுளிக்கடை முதலாளியோ, எந்தப் படம் வந்தாலும் பின்னால் ஒரு மலை, மலையிலிருந்து ஒரு அருவி, கீழே இரண்டு அன்னம் வைத்தால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி. லாட்ஜ் படத்துக்கும் அதையே செய்துவிட்டார். பாய் பார்த்துவிட்டு, "நம்ம லாட்ஜா இது!" என்று கண் கலங்காத குறை.

முதல் ஆளாக பெங்களூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கையில் அந்தப் படத்தைக் கலரில் அச்செடுத்து வைத்திருந்தார் கணவர். அருவி தெரிகிற பக்கமாக அறை வேண்டுமாம். எங்கள் ஊரில் வானம் தெரியும், பிரஸ் கூரை தெரியும், அதற்கப்பால் கருவேலங்காடு தெரியும். "சார், அது காலண்டர்ல வைக்கிற அருவி, இங்கன கிடையாது" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, ஜன்னலோரம் போன அவர் மனைவி எட்டிப் பார்த்தார். கீழே தண்ணி லாரி நின்றுகொண்டிருந்தது. "ஏங்க, அந்த லாரியில இருந்து ஒழுகுதே, அதுதான் அருவியா?"

காரம் போதும்

ஊர் போய்ச் சேர்ந்ததும் அந்த சார், பயணம் போகிறவர்கள் கருத்து எழுதுகிற ஒரு இணையதளத்தில் எழுதிவிட்டார். முருகன்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். அருவி இல்லை. தண்ணீரே லாரியில் வருகிறது. குளிக்க ஒரே ஒரு பக்கெட். வரவேற்பில் இருக்கும் பெண் மட்டும் பொய் சொல்வதில்லை. கடைசி வரி எனக்கு இனித்தது, ஆனால் வருகிறேன் என்று சொல்லியிருந்தவர்கள் அதைப் படித்துவிட்டு வரவில்லை. பாய் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "ஏம்மா செல்வி, வர்ற அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வரைக்கும் பாப்பேன். இப்படியே ரூமு காத்தாடுச்சுன்னா பேப்பர் குடோனுக்கு விட்டுருவேன். ஆள் கேட்டுட்டுத்தான் இருக்காக." குடோனுக்கு வரவேற்பு மேஜை எதற்கு? வேனின் ஹாரன் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது எனக்கு.

ஆனாலும் பாய் சும்மா இருக்கவில்லை. நம்மாட்களை விட்டு நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னால் சரியாகிவிடும் என்று விருதுநகரில் இருக்கும் மச்சானிடம் சொன்னார். மச்சானுக்கு மிளகாய் வத்தல் மண்டி. ஆயுசுக்கும் அவர் எழுதியதெல்லாம் மண்டிக் கடிதம்தான். அதே கையோடு எழுதினார்: "சரக்கு நயம். எடை சரி. காரம் போதும். மறு லோடு எதிர்பார்க்கிறோம்." யார் யார் பெயரில் எழுதினாலும் அதே வாசகம். மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். குரலில் அப்படி ஒரு பவ்யம். "ஏனுங்க, காரம் போதும்னு போட்டிருக்குதுங்களே, அங்க தங்கறதுக்கு ரூம்தானுங்களே குடுக்கறீங்க?"

ஒரே ஒரு மேகம்

நான் பாயிடம் ஒன்று கேட்டேன். பொய் எழுதியது போதும், ஒருதரம் உள்ளதை எழுதிப் பார்ப்போமே. "உள்ளதுன்னு என்னம்மா இருக்கு நம்மகிட்ட?" என்றார் பாவம் போல. உட்கார்ந்து எழுதினேன். அருவி கிடையாது. தண்ணீர் லாரியில் வரும், அதனால் ஆளுக்கு ஒரு பக்கெட். மொட்டைமாடியில் கறுப்பு டிரம்மில் வெயில் காய்ச்சுகிற வெந்நீர், மத்தியானத்துக்கு மேல் குளித்தால் சுகமாக இருக்கும், விடியக்காலையில் குளித்தால் பச்சைத் தண்ணீர். குளித்த தண்ணீர் கொல்லை வாழைக்குப் போகும். குடிக்க மண்பானைத் தண்ணீர், பாட்டில் விற்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம் பக்கம்தான், அங்கே மரத்துக்கு மரம் தாவுகிற சாம்பல் அணில் ஒவ்வொன்றும் பூனை பெரிசு இருக்கும்.

முருகன் இதை இங்கிலீஷில் மாற்றினார், அகராதியோடு மல்லுக்கட்டி. படத்தை மாற்றுவதுதான் அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. மலையை எடுத்தார். அருவியை எடுத்தார். அன்னங்களை எடுக்கும்போது பெருமூச்சு விட்டார். லாட்ஜும் வெறும் வானமும் மிச்சம். மவுஸைக் கீழே விடாமலே என் பக்கம் திரும்பினார். "செல்வி, ஒரே ஒரு மேகம் மட்டும் வச்சுக்கிறேனே. கை அரிக்குதுடி."

அதுக்கு ஒரு பேரு

தை கடைசியில் புனேயிலிருந்து ஒரு தம்பதி அணில் பார்க்க வந்தார்கள். கணவர் தமிழ்க்காரர், அந்தம்மாவுக்குத் தமிழ் பாதி புரியும். நான் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வந்திருந்தார்கள். என்ன குறை சொல்வார்களோ என்று நான் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். அந்தம்மா டிரம்மைத் தொட்டுப் பார்த்தார், கையைச் சுட்டுக்கொண்டு சிரித்தார். வாழைக்குப் போகிற வாய்க்காலைக் குனிந்து பார்த்தார். ரூம் விதிமுறை எழுதித் தொங்கவிட்டிருந்த தாளைத் திருப்பினால் பின்னால் மூக்கு இரண்டாக அச்சான லட்சுமி. பிரஸ்ஸில் கழித்த தாள்தான், சாமி படத்தைக் குப்பையில் போட மனசு வராதே, பின்பக்கம் எழுதிக்கொள்வோம். அதையும் போட்டோ எடுத்தார்.

ஊருக்குப் போய் அதே இணையதளத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார் அந்தம்மா. தண்ணீரையும் காகிதத்தையும் மண்ணையும் கெடுக்காமல் வைத்திருக்கிற விடுதி, இதற்குச் 'சூழல் பேணும் சுற்றுலா' என்று பெயர், இந்தியாவில் பலர் இதை விளம்பரத்துக்குச் செய்கிறார்கள், இங்கே பழக்கமாகவே செய்கிறார்கள் என்று. அறை கூட்டுகிற பேச்சியக்காவை உட்காரவைத்து நான்தான் தமிழில் சொன்னேன். அந்த லாட்ஜில் எனக்கு முன்னாலிருந்தே தண்ணிக்குக் காவல் நின்றது அவர்தான். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அடி ஆத்தீ, இம்புட்டு நாளும் இல்லாத கொறைக்குச் செய்யுறோம்னுல்லா நெனச்சேன். இதுக்கு ஒரு பேரு வேற இருக்காக்கும்!"

வாழை விசாரிப்பு

அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒரு தினுசு. ஷவர் இல்லையா என்று முகம் சுளித்தவர்கள் போய், பக்கெட் எங்கே என்று கேட்டு வந்தார்கள். ஒருவர் அரை பக்கெட்டில் குளித்துவிட்டு, மீதியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜை முன்னால் வைத்துக் காட்டினார். நான் என்ன, பரீட்சைப் பேப்பரா திருத்துகிறேன்? இருந்தாலும் "ரொம்ப நல்லது சார்" என்று சொல்லி அனுப்பினேன். சென்னைக்காரர் ஒருவர் எந்தத் தண்ணீர் எந்த வாழைக்குப் போகிறது என்று வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்து, ஒரு மரத்தைத் தன்னுடையது என்று முடிவு செய்துவிட்டார்.

குறை எழுதியவர்களும் உண்டு. கொசு என்றார் ஒருவர், உண்மை. பக்கத்துப் பிரஸ்ஸில் மிஷின் சத்தம் என்றார் ஒருவர், அதுவும் உண்மை. ஒவ்வொன்றுக்கும் "ஆமாம், இருக்கிறது" என்று பதில் எழுதி, செய்ய முடிந்ததைச் செய்தோம். கொசுவலை கட்டினோம், மிஷினை நிறுத்த முடியவில்லை. பதில் வந்த சந்தோஷத்தில் கொசுக்காரரே திரும்ப வந்தார். சென்னைக்காரர் வரவில்லை, ஆனால் போன் வந்தது. நானும் அறைக்குத்தான் கேட்கிறார் என்று பேனாவை எடுத்தேன். "ரூமெல்லாம் வேணாம்மா, நான் குளிச்ச தண்ணியில நின்ன வாழை குலை தள்ளிருச்சா, அதைச் சொல்லுங்க."

குடோன் பார்க்க வந்தவர்

பங்குனிப் பொங்கலுக்குக் கொடி கட்டியாயிற்று. சொன்ன சொல் தவறாதவர் பாய். பேப்பர் வியாபாரி ஒருவரைக் கட்டடம் காட்டக் கூட்டி வந்துவிட்டார். மச்சானின் மண்டி வேலையாக பாய் விருதுநகரிலேயே இருந்ததால், அந்த மாதம் இங்கே கூட்டம் எப்படி என்று அவருக்குத் தெரியாது. எழுந்து நிற்கப் போனேன், போன் அடித்தது. மதுரையிலிருந்து இரண்டு அறை. வைத்தேன், மறுபடி அடித்தது. திருச்சி. "கீழ ஒரு ரூமைத் திறந்து காட்டும்மா" என்றார் பாய், ரிசீவரைக் காதில் வைத்தபடியே தலையை ஆட்டினேன், ஆள் இருக்கிறது. "மேல?" அங்கேயும் ஆள். "மொட்டைமாடியாவது பாப்போம்" என்று இருவரும் ஏறிப் போனார்கள். அங்கே டிரம்மைச் சுற்றிப் பக்கெட்டோடு வரிசையில் நின்றவர்கள், இவர்களையும் குளிக்க வந்தவர்கள் என்று நினைத்து, பின்னால் போய் நிற்கச் சொல்லிவிட்டார்களாம்.

இறங்கி வந்து பாய் என் எதிரே உட்கார்ந்தார். சாவி மாட்டுகிற பலகையைப் பார்த்தார், ஆணி மட்டும் இருந்தது. அந்த மனுசன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வியாபாரி பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, வாடகை பேச வாயெடுத்தார். போன் அடித்தது. முடியட்டும் என்று காத்திருந்தார். மறுபடி அடித்தது. சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். "பாய், இந்தப் புள்ள போனைக் கீழ வைக்கட்டும், அப்புறம் பேசலாம்னு பாக்கேன், வைக்கவே மாட்டேங்குதே. நான் வேற எடம் பாத்துக்கிடுதேன், நீக நல்லா இருங்க."

இப்போதும் குறை சொல்ல ஆட்கள் வரத்தான் செய்கிறார்கள். என்ன, "சாப்பிட்டீகளாம்மா" என்று என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் சொல்கிறார்கள், இந்த நாற்காலியில் அதற்கு மேல் என்ன பதவி உயர்வு வேண்டும்?