கணக்குக்கு ஒரு ஆள்

அறுபதுகள் முடியிற சமயம், செஞ்சி பஜார்ல சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைஞ்சு வெச்சாங்க. வரைஞ்சா வரைஞ்சுட்டுப் போகட்டும், சுவர்தானேன்னு நானும் காய்கறி வாங்கிக்கிட்டு வந்துடுவேன். அது என் வீட்டுக்குள்ள வரும்னு எனக்கு இன்னா தெரியும்?

என் வீட்டுக்காரருக்குத் தாலுக்கா ஆபீஸ்ல குமாஸ்தா வேல. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆளுக்கொரு ஆம்பளையப் பிடிச்சுக்கிட்டு வரணும்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் உத்தரவு. இவரும் சைக்கிள எடுத்துக்கிட்டு அனந்தபுரம் பக்கமெல்லாம் சுத்தினாரு. களத்துல நெல்லு தூத்துறவங்க இவரப் பாத்ததும் முறத்தப் போட்டுட்டு நழுவிட்டாங்களாம். அதிகாரி தினம் நிக்க வெச்சுத் திட்டினாரு. "ஆள் கெடைக்கலன்னா நீ இருக்கியே, உனக்குத்தான் ரெண்டு பொண்ணு ஆயிடுச்சே"ன்னு ஒருநாள் கேட்டாராம். இந்த மனுசன் மறுபேச்சு பேசாம ஆபரேஷன் முகாமுல போய்ப் படுத்துட்டாரு.

வீட்டுக்கு வந்தவரு கால அகட்டி அகட்டி நடந்தாரு. சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்னு அவங்கம்மாகிட்ட சொன்னாரு. ரூமுக்குள்ள வந்துதான் என்கிட்ட நெசத்தச் சொன்னாரு. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு.

"சுமக்கிறவ நானு. என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"ன்னேன்.

"வேல போயிடும்னு பயந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாத, வெளிய தல காட்ட முடியாது"ன்னாரு.

கவருமெண்டு அரிசிய அளந்து போடட்டும், சக்கரைய அளந்து போடட்டும், நான் வேணாம்னு சொல்லல. இன்னொண்ணு பெத்துக்கிறதா வேணாமான்றது நானும் அவரும் பேச வேண்டிய பேச்சு. வரிசையா பெத்து எல்லாத்தையும் பட்டினி போடணும்னு எனக்கு மட்டும் வேண்டுதலா? கேட்டிருந்தா நானே போதும்னு சொல்லியிருப்பேனோ இன்னாவோ. ஆனா ஒரு ஆம்பளப் புள்ள மேல எனக்கு ஆச இருந்துச்சு, பொய் எதுக்கு?

மாமியாருக்கு விஷயம் தெரியாது. "சின்னவ ஸ்கூலுக்கே போக ஆரம்பிச்சுட்டா, இன்னும் ஒண்ணும் தங்கலியா?"ன்னு தொடங்கினாங்க. மலைவேம்ப அரைச்சுக் குடுத்தாங்க, குடிச்சேன். செவ்வாக்கெழம பட்டினி கெடன்னாங்க, கெடந்தேன். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி புள்ள வரம் கேட்டுத் தொட்டில் கட்டச் சொன்னாங்க. அந்தத் தொட்டில மரத்துல கட்டினதே இவருதான். கயித்த நல்லா இழுத்து முடிச்சுப் போட்டாரு, பாவி. நான் வாயத் தெறக்கல. தெறந்தா ஊரே அவரப் பாத்துச் சிரிக்கும், நாளைக்கு என் பொண்ணுங்களையும் அந்தப் பேச்சு தொரத்தும்.

ஒருநாள் இவரு சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, நான் பரிமாறிக்கிட்டு இருக்கேன். மாமியார் பட்டுனு கேட்டாங்க. "இவளுக்கு இனிமே ஆவாதுடா. நம்ம சொந்தத்துல ஒரு பொண்ணு இருக்குது, பேசட்டுமா?"

நான் கரண்டியோட அப்படியே நின்னுட்டேன். இப்பவாவது சொல்லுவாருன்னு அவரு வாயையே பாத்தேன். அவரு தலையத் தூக்காம சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சொன்னாரு: "ரெண்டாங் கல்யாணம் பண்ணா வேல போயிடும்மா. கவருமெண்டு ஒத்துக்காது."

மாமியார் என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"கவருமெண்டு புண்ணியத்துல பொழச்ச, போ. அவனுக்கு மோர் ஊத்து"ன்னாங்க.

ஊத்தினேன்.