அப்புறம் டீச்சர்

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘அப்புறம் டீச்சர்’. இருபத்தாறு வருடங்களாகக் கணக்கு நடத்துகிறவர். பாடத்தின் நடுவே யார் கை தூக்கினாலும், கரும்பலகையிலிருந்து முகம் திருப்பாமல் “அப்புறம்” என்பார். கோபத்தில் சொல்வதில்லை. வருடத்துக்குப் பதினான்கு பாடங்கள். கேள்விக்கெல்லாம் நின்றால் பதினொன்றிலேயே வருடம் தீர்ந்துவிடும்.

இந்த வருடம் பள்ளியில் எல்லாம் மாறியது. மணி அடிப்பதில்லை. எதைக் கற்பது என்று மாணவர்களே முடிவு செய்தார்கள். கூடத்துச் சுவரில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஓர் ஆணி அடித்தார்கள். கேள்வி உள்ள பிள்ளை அதைச் சீட்டில் எழுதி, வேண்டிய ஆசிரியரின் ஆணியில் குத்திவிட்டு அவர் மேசைக்குப் போகும். பதில் திருப்தியாக இருந்தால் சீட்டை அதுவே எடுத்துவிடும். பிள்ளை கேட்காதவரை ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது.

ஓவிய ஆசிரியருக்கு இரண்டாவது ஆணி தேவைப்பட்டது. அப்புறம் டீச்சரின் ஆணி வெறும் ஆணியாகவே இருந்தது. கணக்கில் சந்தேகம் வந்த பிள்ளைகள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். அவர் மூலை மேசையில், சாக்பீஸ் டப்பாவைத் திறந்து மூடியபடி உட்கார்ந்திருந்தார். வீட்டிலும் அவர் ஒருவர்தான்.

ஒரு மாலை தங்கை போனில் கேட்டாள்.

“என்னக்கா, தொண்டை கட்டியிருக்கா?”

“இல்லடி. இன்னிக்கு வாயத் திறக்கறதே இப்பதான்.”

தங்கை சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை.

அவரைவிடப் பத்து வயது இளையவரான தலைமையாசிரியர் ஒருநாள் மேசைக்கு வந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். ஒரு சீட்டும் வரலைன்னா ஆபீஸ் வேலைக்கு வந்துடுங்க. வருகைப் பதிவு பார்க்க ஆளில்ல.”

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது சீட்டு வந்தது. ‘அப்புறம்னா எப்போ?’

கூடத்தில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். “எப்படியோ ஒண்ணு மாட்டிடுச்சு. தப்பிச்சீங்க டீச்சர்!” என்றார் தலைமையாசிரியர்.

சற்று நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மேசை முன் வந்து நின்றாள்.

“நான்தான் எழுதினேன். கிண்டல் இல்ல டீச்சர். ஆறாவதுல உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். அப்புறம்னீங்க.”

“சரி. இப்போ கேளு.”

“அதான்… மறந்துபோச்சு.”

பதிலைத்தான் தள்ளிப்போடுகிறோம், கேள்வி அங்கேயே காத்திருக்கும் என்று இத்தனை வருடமும் அவர் நம்பியிருந்தார்.

“என்ன பாடம்னு ஞாபகம் இருக்கா?”

“பின்னம். ஜன்னல்ல வெயில் அடிச்சுது.”

அலமாரியிலிருந்து ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“இதுவா?”

“இல்ல.”

“இது?”

“கிட்ட வருது… ம்ஹூம்.”

“பூஜ்யத்தால வகுத்தா என்ன ஆகும்னு கேட்டிருப்பியோ?”

“அது எல்லாரும் கேக்கறது டீச்சர். நான் வேற ஏதோ கேட்டேன்.”

எல்லாரும் கேட்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு வந்தபோது, ஓவிய மேசையிலிருந்து அவள் தோழி கத்தினாள்: “ஏய், பெயிண்ட் காயுது, வாடி!”

“அப்புறம் வரேன் டீச்சர்” என்றவள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“போ, போ” என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாதம் முடிந்தது. ஆணியில் சீட்டு இருந்ததால் அவரை யாரும் மாற்றவில்லை. பிள்ளைகள் எதையாவது விரும்பிச் செய்வதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது; அதற்கு மேல் இந்தப் புது ஏற்பாட்டைப் புகழ அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண் விரலெல்லாம் நீலத்தோடு தினமும் மேசையைத் தாண்டிப் போகிறாள். அவளாகக் கேட்காமல் இவர் கூப்பிட முடியாது.

நாற்பத்தொன்றாம் பக்கம் மூடிக்கொள்ளாமலிருக்க, அதன்மேல் சாக்பீஸ் டப்பாவை வைத்திருக்கிறார்.