சவுக்கு உச்சியைப் பார்க்கும் கண்

செங்கல்பட்டு அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் பஸ், ஜன்னலோர சீட்டு, மடியில் கைப்பை, அதன் மேல் போன். போனில் மேட்ச். பெண்கள் கூடைப்பந்து லீக்கில் என் மகள் சேர்ந்த முதல் சீசன் முழுவதையும் நான் அப்படித்தான் பார்த்தேன். பார்த்தேன் என்றால், அவளுடைய முழங்கால்களைப் பார்த்தேன். டைம்-அவுட் விடும்போது கேமரா பெஞ்ச் பக்கம் திரும்பும். வரிசையின் கடைசியில் மடியில் போட்ட ஒரு துண்டு, துண்டுக்குக் கீழே இரண்டு முழங்கால். அது அவள். உடனே கேமரா ஆடுகிறவர்களிடம் போய்விடும். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சிக்னலும் போய்விடும். போனாலும் ஒன்றுதான், இருந்தாலும் ஒன்றுதான்.

முதலில் வலித்தது. அப்புறம் மரத்துப்போனது. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி. தொட்டால் ஏதோ இருப்பது தெரியும், அது என்னுடையது என்று தெரியாது.

அவள் ஆடத் தெரியாதவள் இல்லை. சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடல் பக்கம் நடந்தால் ஒரு சிமென்டுத் தரை, அதில் ஒரே ஒரு ரிங். மாலையானால் கடல்காற்று அந்தத் தரையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். உயரத் தூக்கிப் போட்ட பந்து காற்றோடு போய் வேலி முள்ளில் விழும். அதனால் அங்கே ஆடுகிற பிள்ளைகள் எல்லாரும் பந்தைத் தாழ்வாக, விறைப்பாக எறிவார்கள். எறியும் முன் இமைக்கும் நேரம் வேலியோரச் சவுக்கு மரங்களின் உச்சியைப் பார்ப்பார்கள். உச்சி எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு இடப்பக்கம் தள்ளிக் குறி. யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்த ஊர்க் கைக்கு அது தானாக வரும். அந்தக் கையோடுதான் அவள் மாவட்டத்தில் ஆடினாள், மாநிலத்துக்கு ஆடினாள். லீக் அணி அவளைத் தேடி வந்தது. அணியிலேயே இளையவள் அவள்தான்.

லீக் மேட்ச் எல்லாம் உள்ளரங்கில். காற்று கிடையாது, ஏசி.

ஒருமுறை சென்னையில் அவர்கள் பயிற்சி எடுக்கும் ஹாலுக்குப் போனேன். கோச் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கை தங்கம் மேடம், சந்தேகமே இல்ல. ஆனா பால் தாழ்வா வருது. எதுக்க நிக்கிறவ ஈஸியா தட்டிடறா. அதுவும் டயர்டானா, பால் லெஃப்ட்ல போவுது. ஏன்னு கேட்டா சிரிக்குது பொண்ணு."

எனக்கு ஏன் என்று தெரியும். சொல்லி என்ன, காற்றையா கூட்டிக்கொண்டு வர முடியும்?

"ஆடாத பிளேயரை அடுத்த சீசனுக்கு வெச்சிக்க மாட்டாங்க மேடம். கடைசி மேட்ச்ல எறக்கப் பாக்கறேன்" என்றார்.

அந்த வாரம் வாசலில் மீன் கூடையை இறக்கிய அக்கா கேட்டாள். "இன்னா, உன் பொண்ணு போன்ல வருதுன்னியே. என் மருமவ காட்டுச்சு. சும்மா ஒக்காந்துகினே கீது?"

"ஆட எறக்கலக்கா."

"ஒக்கார்றதுக்கா அம்மாம் ஒசரம் வளந்துச்சு? நானும்தான் நாளெல்லாம் ஒக்காந்துகினு கீறேன், என்ன எவன் போன்ல காட்றான்?"

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்துக்கொண்டே ஒரு சங்கராவை அதிகமாகப் போட்டாள். அந்த மீனை வெகுநேரம் உரசிக்கொண்டே இருந்தேன், செதில் போன பிறகும்.

கடைசி மேட்சுக்கு நேரில் போனேன். அணி தோற்பது உறுதியான பிறகு, நாலாவது குவார்ட்டரில், கோச் விரலை மடக்கிக் கூப்பிட்டார். துண்டை வைத்துவிட்டு எழுந்தாள். அவ்வளவு உயரம் என்று எனக்கே மறந்து போயிருந்தது. உள்ளே போன சற்று நேரத்தில் ஒருத்தி அவள் கையில் அடித்தாள். ஃபவுல். இரண்டு ஃப்ரீ த்ரோ. தடுக்க ஆளில்லை, அவசரமில்லை, அவளும் ரிங்கும் மட்டும்.

பந்தை இரண்டு தரம் தட்டினாள். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

நானும் பார்த்தேன். கூரையிலிருந்து துணி பேனர்கள் தொங்கின. ஏசிக் காற்றில் ஒன்று லேசாக அசைந்தது. ரிங்குக்கு எட்டாத காற்று அது. வேண்டாம்டி என்று என் உதடு சொன்னது. பந்து உயரமாகத்தான் போனது, மாசக்கணக்கில் பழகிய புது வளைவில், அழகாக. ரிங்குக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி விழுந்தது. எதையுமே தொடவில்லை. யாரோ ஊளையிட்டார்கள்.

இரண்டாவதைத் தலையைக் குனிந்து, கண்ணை ரிங்குக்கு மட்டும் தூக்கிப் போட்டாள். உள்ளே போனது. கைதட்டினேன். உள்ளங்கைகள் வேறு யாருடையவையோ போல இருந்தன.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "மேல பாத்த இல்ல?"

"பாத்தேம்மா. பாக்கக் கூடாதுன்னு நெனச்சிகினேதான் பாத்தேன்."

அடுத்த சீசனுக்கு வைத்துக்கொள்ளவில்லை. கோச் போன் செய்து, பயிற்சிக்கு வேண்டுமானால் வரட்டும், எதிரணியாக நிற்க ஆள் வேண்டும், ஜெர்ஸி கிடையாது என்றார். போகிறேன் என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

கிளம்புவதற்கு முந்தின மாலை, பந்தை எடுத்துக்கொண்டு கடலோரத் தரைக்குப் போனாள். பின்னால் நானும் போனேன், வீட்டில் உட்கார முடியாமல். சவுக்குகள் நன்றாகவே சாய்ந்துகொண்டிருந்தன. அவள் நிமிரவில்லை. பந்தை உயரமாக, அந்த ஹாலுக்கு வேண்டிய வளைவில் போட்டாள். காற்று அதை ஏந்திக்கொண்டு போய் முள்ளில் எறிந்தது. போய் எடுத்து வந்தாள். மறுபடி போட்டாள். மறுபடி முள்.

அங்கே ஆடிக்கொண்டிருந்த சின்னப் பெண் ஒருத்தி கத்தினாள். "அக்கா, காத்து இருக்குது! மேல பாத்துப் போடு!"

"தெரியும்டி" என்றாள் என் மகள், பாராமலே. பந்தைத் தேடிக்கொண்டு முள்ளுக்குள் குனிந்தாள்.