நல்லையா அண்ணனின் நாலு சுற்று

எங்கள் தோட்டத்துத் தேர், அம்மன் புண்ணியத்தில், ஒரு வருஷமும் யார் காலிலும் ஏறியதில்லை. முட்டுக்கட்டை போடும் நல்லையா அண்ணனும் அதற்கு ஒரு காரணம். மற்ற நாளில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுவார். தேர் நாளில் சக்கரத்தின் விளிம்பில் சிவப்புத் துணி கட்டி, கடிகாரத்தைப் பார்த்தபடி கூடவே நடப்பார். துணி நிமிஷத்துக்கு நாலு தடவை தரையைத் தொட வேண்டும். ஐந்தாவது தொட்டால் கட்டை விழும்.

"நாலு சுத்துதான் அம்மன் நடை" என்பார். ஆயிரத்து இருநூறு கெஜப் பாதை அப்படி ஒரு மணி நேரத்தில் முடியும்.

எண்பத்து நாலில் பழைய சக்கரங்களைக் கறையான் தின்றுவிட, கிடைத்த பலாமரத்தில் சற்றுச் சின்னதாகப் புதியவை செய்தார்கள். முந்தின வருஷக் கலவரத்தில் நாடு கெட்டிருந்த நேரம். பொலிஸ் ஐந்திலிருந்து ஆறு வரைதான் அனுமதி தந்தது. ஆறுக்குள் தேர் கொட்டகைக்குள் போகாவிட்டால் அடுத்த வருஷம் தேர் இல்லை.

ஐந்தரைக்குத் தேர் பாதி வழியில், மீராசாஹிப் நானாவின் கடை வாசலில் இருக்க வேண்டும். கடை இன்னும் நூற்றிருபது கெஜம் தள்ளி இருந்தது.

"நல்லையா, சர்பத்து சூடாவுது" என்று நானா அங்கிருந்தே கத்தினார்.

அண்ணன் கடிகாரத்தையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலு சுத்து தவறலியே. அம்மனுக்கு என்ன கோபமோ."

ஆரத்தித் தட்டோடு வந்த அவர் மனைவி சுந்தரம்மா அக்கா சொன்னார்: "கோபமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சக்கரம் என்னைய மாதிரி குட்டை. உங்க கூட வர நான் எத்தன எட்டு கூட வைக்கிறேன்னு என்னைக்காவது திரும்பிப் பாத்தீங்களா?"

வடம் பிடித்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. துணி தொட்ட இடத்திலிருந்து மறுபடி தொட்ட இடம் வரை நடந்தபடியே அளந்தார். பழைய சக்கரம் ஒரு சுற்றில் ஐந்து கெஜம் போகும். இது நாலுதான். அதே நடைக்கு ஐந்து சுற்று வேண்டும். பிந்தியதையும் பிடிக்க ஆறு.

"பொன்னையா, ஆறு சுத்துக்கு அடி."

வடம் பிடித்தவர்கள் நடப்பது தவில்காரப் பொன்னையாவின் அடிக்குத்தான். அவர் கையை நிறுத்தினார். "அஞ்சுக்கே கட்டைய போடுற ஆளு நீங்க. அம்மன ஓட விடுறீங்களா?"

"ஓடல. கொஞ்சம் எட்டி நடப்பா. அடிய்யா."

கொட்டகை கண்ணில் பட்டதும் ஏழாவது சுற்றும் வந்தது. அண்ணன் கட்டையைப் போடவில்லை. தேர் உள்ளே நின்றபோது ஆறுக்கு ஒரு நிமிஷம் இருந்தது. காவலுக்கு வந்த பொலிஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பொங்கலுக்குக் கை நீட்டினார்.

அடுத்த வருஷமும் தேர் ஓடியது, நிமிஷத்துக்கு ஐந்து சுற்று. அண்ணன் இடையிடையே நின்று, பின்னால் அக்கா வருகிறாரா என்றும் பார்த்துக்கொண்டார்.