ஆளுக்கு ஒரு முளை

எழுத்துப் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன். அதிலும் கடைசி வருஷம் பள்ளிக்கூடம் போன நாளைவிட நடவுக்குப் போன நாள் அதிகம். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் இப்போது குழம்புகிறது. நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு எழாது. அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு ஓர் அக்காள் இருந்தாள். புருஷன் செத்து, பிள்ளையும் இல்லாமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். வீடு என்றால் ஒரே அறை, மண்சுவர், கீற்றுக் கூரை. அவள் அப்பா போட்ட கூரை அது. கூரைதான் எங்களுடையது, மனை பண்ணையாருடையது. எங்கள் தெரு முழுக்க அவர் மனையில்தான் இருந்தது. எழுந்து போ என்றால் போக வேண்டியதுதான். நான் கல்யாணமாகி வந்ததும் அந்த அறையில் மூன்று பேர் ஆனோம். அவள் கதவோரம் படுப்பாள், நாங்கள் இரண்டு பேரும் அடுப்போரம். ஆறு வருஷம் எனக்குக் குழந்தை தங்கவில்லை. இதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது.

நடவில் அவளுக்கு ஈடு கிடையாது, பேச்சிலும் கிடையாது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு நடவை நிறுத்திய வருஷம், பண்ணையார் வரப்பில் வந்து நின்றபோது எல்லாரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டோம். அவள் மட்டும் சேற்றுக் காலோடு கரையேறி, "நாங்க எறங்கல. நீங்க வேணா வேட்டிய மடிச்சுக்கட்டிக்கிட்டு எறங்குங்க" என்றாள். கூலி கூடியது. அதை ஊரும் மறக்கவில்லை, பண்ணையாரும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அதே வாய் என் மேல் திரும்பும்.

"எந்தம்பி ஊமையில்ல புடிச்சுக்கிட்டு வந்திருக்கான்! ஏண்டி, பேசுனா முத்து உதுந்துடுமா? ஒரு புள்ளயாவது பெத்துப் போடு, அதாவது பேசட்டும்."

தெருவே சிரிக்கும். நான் பானையைத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

ஆட்சி மாறிக் கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. டீக்கடையில் எல்லார் வாயிலும் நில உச்சவரம்பு என்ற பேச்சுதான். பண்ணையார் தன் நிலத்தை மாடு மேய்க்கிறவன் பேரில்கூட எழுதி ஒளித்து வைத்திருக்கிறார், கவர்மெண்டு அதைக் கண்டுபிடித்து எங்களுக்குப் பங்கு வைக்கப் போகிறது என்று பேசினார்கள். அறுவடை முடிந்து வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அந்தக் கோடையில் ஜீப்பில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். முக்காலியில் வைத்த கண்ணாடிக் கருவிக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து முளை அடித்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு முளையிலும் சிவப்புத் துணியும் ஒரு நம்பரும் இருந்தன. வலங்கைமான் பக்கமிருந்து வந்து, எங்கள் ஊரைக் கடந்து, கிழக்கே கடற்கரைவரை அந்த வரிசை போகிறதாம். வரப்பு, வாய்க்கால், யார் நிலம் என்று ஒன்றும் பார்க்கவில்லை. ஒரே நேர்கோடு. முளைக்கு முளை ஒரே தூரம்.

அந்த ஒரே தூரம்தான் எங்களைக் கெடுத்தது. வயலில் சம தூரத்துக்கு முளை அடித்தால் அது பாகம் பிரிக்கத்தான். வேறு எதற்கும் அப்படி அடித்து நாங்கள் கண்டதில்லை. பண்ணையாரே மிரண்டுபோய்க் கர்ணத்துக்கு ஆள் அனுப்பினார் என்று சொன்னார்கள். சில முளைகளுக்குப் பக்கத்தில் குழாய் இறக்கித் துளை போட ஆரம்பித்ததும் தெருவுக்குத் தலைகால் புரியவில்லை.

"நெலம் மட்டும் இல்லடா, போரோட குடுக்குறான்! ஆளுக்கு ஒரு முளை!"

அந்தத் துளை போடும் வேலைக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நாலு ஆண்கள் குழாயைக் கையால் திருகித் திருகி இறக்குவார்கள். துளைக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குளத்திலிருந்து குடத்தில் தூக்கி வருவது என் வேலை. கண்ணாடி போட்ட ஒரு ஆபீசர் மேற்பார்வை பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மரத்தடியில் உட்கார்ந்து அவராகவே பேசுவார். குறுக்கே ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் நான் ஒருத்திதான் என்பதாலோ என்னவோ. ஒருநாள் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார்.

"மேல இந்தக் களிமண்ணு. அதுக்குக் கீழ மணலு. அதுக்குங்கீழ சேறே இறுகிக் கல்லாப்போயி மைல் கணக்குல கெடக்கு. எல்லாத்துக்கும் அடியில பழைய பாறை. அந்தப் பாறை இங்கேருந்து எறங்கி எறங்கிக் கடலுக்குள்ள போகுது. நெலம் கரையில முடிஞ்சுபோறதில்லம்மா. கடலுக்கு அடியில வெகுதூரம் போயிதான் முடியுது. அது எப்படி ஒடைஞ்சு, எப்படி முடியுதுன்னு பாக்கத்தான் வந்திருக்கோம்."

துளைக்குள் வெடி வைப்பார்களாம். அந்த அதிர்ச்சி கீழே போய்ப் பாறையில் மோதித் திரும்பி வருமாம். ஆணி வைத்த சிமிழ் மாதிரி ஒன்றை வரிசையாகத் தரையில் குத்தி, வயரில் கோத்து, திரும்பி வருகிறதைக் கேட்பார்களாம். அந்தச் சிமிழை அவர் காது என்பார். எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பதை வைத்து ஆழம் கணக்குப் போடுவார்களாம்.

"இந்த முளையெல்லாம் காது எங்க, குழி எங்கன்னு தெரியத்தான். வேலை முடிஞ்சா புடுங்கிக்கிட்டுப் போயிடுவோம்" என்றார்.

ஆக, எங்கள் தெருவில் அது தெரிந்தவள் நான் ஒருத்தி. சொல்ல வாய் வரவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். வாய் நன்றாகவே வந்தது.

மறுநாள் காலை குளத்துப் படியில் நாத்தனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏ புள்ள, நீதான் அவங்களோடயே கெடக்குறியே. நெசமாத்தான் குடுக்குறாங்களா? எனக்கும் கெடைக்குமா? தனியா ஒரு குடிசைன்னு ஆயிட்டா ஒங்களுக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் யாரு கால்மாட்டுலயும் படுக்க வேணாம்."

"ஆமாங்கா" என்றேன். "முளைகிட்ட முன்னாடி யாரு குடிசை போடுறாங்களோ அவங்களுக்குத்தான் பட்டான்னு ஆபீசரே சொன்னாரு."

அவள் என்னை வாய் பிளந்து பார்த்தாள். "அடி ஆத்தே! இவ்ளோ நீளமாக்கூட பேசுவியா நீ?" என்று சிரித்து, என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நான் பொய் சொல்லுவேன் என்று ஊரில் யாருக்கும் தோன்றாது. பேசுகிறவர்கள்தானே பொய் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் அப்போது திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஆற்றுக்கரை வேலைக்குப் போயிருந்தார். அவள் யாரையும் கேட்கவில்லை. பண்ணையாருடைய வடக்குத் திடலில், பக்கத்தில் துளை போட்ட முளை ஒன்று இருந்தது. அந்தத் துளைக்கு நான்தான் தண்ணீர் சுமந்தேன். அதன் பக்கத்தில் நாலு மூங்கில் நட்டுக் கீற்று வேய்ந்தாள். முளைக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். தெருவில் மற்றவர்கள் பண்ணையாருக்குப் பயந்து, அவளுக்கு என்ன ஆகிறது பார்ப்போம் என்று காத்திருந்தார்கள்.

பண்ணையாரின் வரவு செலவைப் பார்க்கிற காரியக்காரர் அந்த வழியே வந்து சைக்கிளை நிறுத்தினார். ஆபீசர் அதற்குள் பண்ணையார் வீட்டில் காப்பி குடித்து, முளை எதற்கு என்ற விஷயத்தைச் சொல்லியிருந்தார். அவர்களுக்குப் பயம் தெளிந்துவிட்டது.

"என்னம்மா, குடி வந்தாச்சா?"

"கவர்மெண்டு குடுக்குது, வந்துட்டேன். ஒங்க அய்யாகிட்ட சொல்லிடுங்க."

"பேஷா சொல்றேன். வாசலக் கெழக்க பாத்து வையி, காத்து வரும்."

என்னைக் கடந்து போகும்போது அடக்கிய சிரிப்பில் அவர் உடம்பு குலுங்கியது.

அவள் திடலுக்குப் போன பிறகு தாலுக்கா ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். இது வேறு விஷயம்; உச்சவரம்பு இல்லை. குடியிருக்கிற மனையை அந்தந்தக் குடிக்கே பட்டா போட்டுக் கொடுக்கச் சட்டம் வந்திருந்தது. நெசமாகவே எங்களுக்குக் கொடுக்க வந்தது அதுதான். பக்கத்து வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர் பேரையும் எழுதி, மனையைப் பாதிப்பாதியாகக் குறித்துக்கொண்டார்கள். எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"வீட்டுல யாரு யாரு?"

"நானும் எங்க வீட்டுக்காரரும்."

கூட வந்த கர்ணம் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு பொம்பளை இருந்துச்சே, வாயாடி? அதோட அப்பன் வீடுதானே இது?"

"அவங்க தனியா போயிட்டாங்க."

எழுதிக்கொண்டார். தெருவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாதி மனை என்றால் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும்.

பிறகு வெடி வைக்கிற நாள் வந்தது. வயரெல்லாம் இழுத்துக் காதுகளைக் குத்தியாகிவிட்டது. திடலில் குடிசையைப் பார்த்ததும் ஆபீசருக்குக் கோபம் வந்தது.

"யாருய்யா இங்க குடிசை போட்டது?"

"நாந்தாங்க. இது என் முளை" என்றாள் அவள்.

துளை போட்ட ஆட்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு வரப்பில் நின்ற கூட்டம், காரியக்காரர், எங்கள் தெருக்காரர்கள், எல்லாரும். "போர்ல தண்ணி வந்துச்சா?" என்று ஒருவன் கத்தினான். "பொறு, இப்ப வரும் பாரு!" என்றான் இன்னொருவன்.

ஆபீசர் அவளுக்குப் பொறுமையாகத்தான் சொன்னார், இது நிலம் பிரிக்க இல்லை என்று. அவள் நம்பவில்லை. என்னைக் கைகாட்டினாள். "அதோ நிக்குறா பாருங்க, என் தம்பி பொண்டாட்டி. நீங்க சொன்னதா அவதான் சொன்னா."

"நீயாம்மா சொன்னே?"

குடத்தை இடுப்பில் வைத்தபடி இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அந்தப் புள்ளைக்குப் பேசவே வராதுங்க" என்றார் காரியக்காரர்.

பண்ணை ஆட்கள் நாலு பேர் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். கட்ட இரண்டு நாள் ஆனது, பிரிக்க ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். விசில் ஊதினால் மாடு நகரக் கூடாது, பம்புசெட் ஓடக் கூடாது, ஒருவரும் காலை எடுத்து வைக்கக் கூடாது. விசில் ஊதியது. அவள் மட்டும் தரையில் விழுந்து இரண்டு கையாலும் மண்ணை அறைந்து ஓலமிட்டாள்.

"சொந்தக்காரங்க யாராவது அதைப் புடிங்க!" என்று ஆபீசர் கத்தினார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போய் அவளைக் கட்டிப் பிடித்து வாயைப் பொத்தினேன். அவள் எச்சிலும் கண்ணீரும் என் கையில் சூடாக இருந்தன. தரைக்கு அடியிலிருந்து உள்ளங்காலில் ஒரு உதை. துளையிலிருந்து சேறும் தண்ணீரும் பனை உயரம் எழும்பிப் பிரித்துப் போட்ட கீற்றின் மேல் விழுந்தன.

வயரெல்லாம் போய்ச் சேர்ந்த வண்டிக்குள்ளிருந்து நீளக் காகிதம் வந்தது, கோடு கோடாக. ஆபீசர் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார். "முன்னாடியே ஆடியிருக்கு பாரு. அந்தம்மா தரையில அடிச்சது. இது ஒதவாது." சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

சாயங்காலம் அவள் வாசலுக்கு வந்தாள். படியேறவில்லை. "ஏண்டி?" என்று மட்டும் கேட்டாள்.

"எடம் பத்தலைங்கா" என்றேன்.

பாயை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். பண்ணையாருடைய மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ள ஆள் தேவைப்பட்டது. அங்கேயே படுத்துக்கொண்டாள். பண்ணையார் வந்தால் எழுந்து நிற்பாள். அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து ஊர் ஒரு கேலிப் பேச்சும் கேட்கவில்லை. ஓர் ஐப்பசி மழையில் அங்கேயே செத்தாள். எனக்கு அதற்குள் இரண்டு குழந்தைகள். மனை முழுசும் எங்கள் பேரில் இருக்கிறது, இப்போது அதில் மாடி வீடு.

பாறையைப் பற்றி ஆபீசர் சொன்னதை நான் தப்பாக எழுதியிருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் திருத்திவிடுங்கள். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தாலுக்கா ஆட்கள் பேர் எழுத வந்தது வெடிக்கு முன்னால் என்றுதான் எனக்கு ஞாபகம். குடிசை நின்றுகொண்டிருந்தது, அவளுக்கு ஓர் இடம் இருந்தது, அதனால் தனியாகப் போய்விட்டாள் என்று சொன்னேன். ஆனால் என் வீட்டுக்காரர் சாகிறவரை வேறு மாதிரி சொன்னார். வெடி கேள்விப்பட்டுத் தான் ஒரு நாள் ஊருக்கு வந்து கொட்டகையில் அக்காளைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினதாகவும், பேர் எழுதினது அதற்கும் பிறகுதான் என்றும் சொன்னார். அப்படியென்றால் கர்ணம் என்னைக் கேட்டபோது அவள் கொட்டகையில் படுத்திருந்தாள், அது தெரிந்தே நான் சொல்லியிருக்கிறேன். பேர் எழுதின தேதி தாலுக்கா ஆபீஸில் இருக்கும். வெடி வைத்த தேதி அந்தச் சிவப்புக் கோடு போட்ட காகிதத்தில் இருக்கும். படித்தவர்கள் யாராவது இரண்டையும் பார்த்து, எது முந்தி என்று எனக்குச் சொல்லுங்கள்.